கப்பலிலிருந்து இறங்கியவர்கள்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி குன்றத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் அமைதிப்படையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, மன்றத்தில் சிலர் தயங்கினார்கள். நிலம், கல்வி, இடஒதுக்கீடு, ஆணவக்கொலை என்று பேச எவ்வளவோ கிடக்கிறது. 1990இல் முடிந்துபோன ஒரு படையெடுப்பு நமக்கு எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் படையில் யார் போனார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கே வருகிறேன்.

இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர். கம்பெனி பஸ்ஸில் தினமும் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். 1991 மே 21 இரவு அங்கே அவரும், காவலர்கள், கட்சிக்காரர்கள் என மேலும் பத்துக்கும் மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையைப் பற்றிச் சினிமா வந்திருக்கிறது, புத்தகங்கள் வந்திருக்கின்றன, எழுவர் விடுதலை வரைக்கும் நாம் பேசியிருக்கிறோம். அந்தக் குண்டு வெடிப்பதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்னால் சென்னைத் துறைமுகத்தில் சிப்பாய்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அதைப் பற்றி நாம் பேசியது குறைவு.

மாணவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து மாகாண சபை, போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பது, அதை மேற்பார்வையிட இந்தியப் படை. கையெழுத்திட்ட மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் நின்றிருந்த ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தார். தெற்கில் ஒப்பந்தத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். வடக்கில் இந்தியப் படையை முதலில் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். செப்டம்பர் 26இல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலித் தளபதிகள் சயனைடு அருந்தி இறந்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் காவலுக்குப் போன படை சண்டை போடும் படையாக மாறிவிட்டது. அதற்குப் பெயர் ‘ஆபரேஷன் பவன்’. பவன் என்றால் காற்று.

அந்தச் சண்டையின் முதல் இரவுக்கு வருவோம். அக்டோபர் 11 நள்ளிரவு தாண்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கினார்கள். புலிகளின் தலைமையை அங்கேயே பிடித்துவிடலாம் என்பது திட்டம். புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தார்கள். முதலில் கமாண்டோக்கள் இறங்கினார்கள். அடுத்து இறங்கியவர்கள் சீக்கிய லைட் இன்பன்ட்ரியின் 13ஆவது பட்டாலியனைச் சேர்ந்த முப்பது பேர். சுடப்பட்ட ஹெலிகாப்டர்கள் மற்றவர்களைக் கொண்டுவர முடியாமல் நின்றுபோயின. அந்த முப்பது பேர் விடியும்வரை, விடிந்த பிறகும், தோட்டா தீரும்வரை சண்டை போட்டார்கள். இருபத்தொன்பது பேர் இறந்தார்கள். ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார்.

சீக்கிய லைட் இன்பன்ட்ரி என்பது யார்? சீக்கிய ரெஜிமென்ட் வேறு, அது பெரும்பாலும் ஜாட் சீக்கியர்களுக்கானது. லைட் இன்பன்ட்ரி மஜ்ஹபி, ராம்தாசியா சீக்கியர்களைக் கொண்டு 1941இல் உருவாக்கப்பட்டது. நம் மொழியில் சொன்னால் பஞ்சாபின் சேரிகளிலிருந்து வந்த பட்டாளம். துப்புரவுத் தொழிலிலும் தோல் தொழிலிலும் அடைக்கப்பட்ட சாதிகள், ஜாட் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளைத்தான் தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல், வழி சொல்ல ஆளில்லாமல், அந்த மைதானத்தில் இறக்கிவிட்டார்கள்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் இது ஒரு வீரவணக்கக் கூட்டமாகிவிடும். நிறுத்த முடியாது. அதே நாள்களில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் இந்தியப் படை குடியிருப்புக்குள் புகுந்து சாதாரண ஜனங்களைக் கொன்றது. அக்டோபர் 21, தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் படை நுழைந்து நோயாளிகள், தாதியர், டாக்டர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. கையைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் சரணடைவதாகச் சொல்லி வெளியே வந்த டாக்டரையும் சுட்டார்கள். இந்தச் சாவுகளுக்கு இந்தியாவில் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஒடுக்கப்பட்டவன் என்பதால் அவன் கையிலுள்ள துப்பாக்கி யாரையும் ஒடுக்காது என்று நினைத்துவிடக் கூடாது. அதேபோல, அந்தத் துப்பாக்கி செய்ததற்கு அவன்தான் முதல் குற்றவாளி என்று எழுதிவிடவும் முடியாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் பேசியாக வேண்டும். கனம்தான்.

பட்டாளத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. பல்லாவரமும் பரங்கிமலையும் வெள்ளைக்காரனின் கண்டோன்மென்ட்டாக இருந்த காலத்திலேயே பறையர்கள் சென்னைப் படையில், குறிப்பாக சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் பிரிவில், நிறைய இருந்தார்கள். மராட்டியத்தில் மகர்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்ததில் பட்டாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு ராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் ‘போர்க்குடி’ என்று ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வடக்கே உள்ள சில சாதிகள் வீரர்கள், தெற்கே உள்ளவர்களும் தீண்டப்படாதவர்களும் இல்லை என்றார்கள். மகர்களைச் சேர்ப்பது நின்றது. முதல் உலகப்போரில் ஆள் போதவில்லை என்றதும் 1917இல் 111ஆவது மகர் படை எழுந்தது. போர் முடிந்தது, சில ஆண்டுகளில் கலைத்தார்கள். மஜ்ஹபி பயனியர் படைகளை 1930களில் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது, மறுபடியும் கூப்பிட்டார்கள். 1943இல் ஒரு சமார் ரெஜிமென்ட் தோன்றி, 1946இல் மறைந்தே போனது.

ஒரகடத்தில் ஆர்டர் வரும்போது ஆளெடுத்து, ஆர்டர் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நிற்கவைப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது புதிய கதையாக இருக்காது.

அதனால்தான் 1941இல் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த அம்பேத்கர் மகர் ரெஜிமென்ட் வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த ஆண்டே அது அமைந்தது. சம்பளம், ஓய்வூதியம், சீருடை, துப்பாக்கி. இவை நான்கும் ஒரு சேரிக்குள் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊர்களிலும் ஆண்டைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்ட மறுத்த முதல் ஆள் பல இடங்களில் லீவில் வந்த பட்டாளத்துக்காரராகத்தான் இருந்திருக்கிறார்.

அதே அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியை விட்டு விலகும்போது கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். இந்து சட்டத் தொகுப்புக்காக விலகினார் என்று மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதில் வெளியுறவுக் கொள்கையும் ஒரு காரணம். ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் ஏறத்தாழ 180 கோடியை ராணுவத்துக்குச் செலவிடுகிறோம், நமக்கு நண்பர்கள் இல்லாததால் இந்தச் செலவு, இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் போட்டுக் கேட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் தன் மக்களுக்குப் பட்டாளத்தில் இடம் கேட்டவர், அந்தப் பட்டாளம் எதற்காக இவ்வளவு என்றும் கேட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளே இடம் வாங்கியவனுக்குத்தான் கணக்குக் கேட்கும் உரிமை கூடுதலாக வருகிறது. இன்றைய என் பேச்சு முழுக்க இதைத்தான் சொல்கிறது.

இனி 1989. படையைத் திரும்ப அழைப்பதா வேண்டாமா என்பது மூன்று தலைநகரங்களின் சண்டையாக மாறிய ஆண்டு. பிரேமதாசா ஜனாதிபதியாகிவிட்டார். கொவிகம சாதிக்கு வெளியே, கொழும்பின் எளிய பகுதியிலிருந்து வந்தவர். ஒப்பந்தத்தை முதலிலிருந்தே ஏற்காதவர். தெற்கில் ஜே.வி.பி. இந்தியப் படையைக் காட்டியே சிங்கள இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. ஜூன் 1 அன்று பிரேமதாசா கெடு வைத்தார்: ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும். இந்தியாவை வெளியேற்ற வேண்டும் என்பதற்காக அவரது அரசே புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது.

டெல்லி என்ன சொன்னது? தமிழர் பாதுகாப்புக்கு உத்தரவாதம் வேண்டும், மாகாண சபை நிலைக்க வேண்டும், கெடுவுக்குப் பணிந்து ஒரு பெரிய நாடு வெளியேற முடியாது. முதல் இரண்டும் காரணங்கள். மூன்றாவது மானப் பிரச்சினை. என் கணிப்பில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் விழுங்கியது. ஜூலை 29 அன்று ஒப்புக்கு ஒரு சிறு பிரிவைக் கப்பலேற்றினார்கள். மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 2 அன்று, வல்வெட்டித்துறையில் புலிகள் தாக்கி ஆறு இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். அதற்குப் பழியாகப் படை ஊருக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது, வீடுகளை எரித்தது. கெடு தேதியில் கப்பல்கள் நிஜமாகவே புறப்பட்டிருந்தால் அந்த ஆறு பேரும் அந்த ஊர் ஜனங்களும் இருந்திருப்பார்கள். ஒரு நாட்டின் மானத்துக்கு அந்த வாரம் கொடுத்த விலை இது. கொடுத்தவர்கள் யாரும் டெல்லியில் இல்லை.

செப்டம்பரில் ஒரு கூட்டறிக்கை வந்தது, டிசம்பர் 31க்குள் முடிக்க முயல்வோம் என்று. அதற்குள் தேர்தல், ஆட்சி மாற்றம். வி.பி. சிங் வந்ததும் மார்ச் இறுதிக்குள் முழுவதுமாகத் திரும்ப அழைப்பதென முடிவெடுத்தார். மண்டலுக்காகவும், அண்ணலுக்கு 1990இல் பாரத ரத்னா அறிவித்ததற்காகவும் நாம் வி.பி. சிங்கை நினைக்கிறோம். இந்த முடிவுக்காகவும் நினைக்கலாம். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. முப்பத்திரண்டு மாதங்களில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர். இறந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில்.

திரும்பி வந்த படையை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. வடநாட்டுப் பத்திரிகைகள் இதைத் தேசத்துரோகம் என்கிற அளவுக்கு எழுதின. தமிழ்நாட்டில் அது துணிச்சல் என்று கொண்டாடப்பட்டது. நான் இரண்டு பக்கமும் இல்லை. தீபாவளியன்று ஆஸ்பத்திரியில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கப்பலைப் பார்த்துக் காறித் துப்பியிருந்தால் அது அவள் உரிமை. ஒரு முதலமைச்சருடைய இடம் வேறு. கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் கொழும்புக்கு விமானத்தில் போய்க் கையெழுத்திட்டவர்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடுவோம் என்று கணக்குச் சொன்ன அதிகாரிகள். அவர்களில் எவரும் அந்தக் கப்பலில் இல்லை. இறங்கியவர்களில் மஜ்ஹபி சீக்கியன் இருந்தான், மகர் இருந்தான், மதராஸ் ரெஜிமென்ட்டின் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். தன் மொழி பேசுகிறவர்களின் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்துவிட்டு வந்த பையன் தன் ஊர்த் துறைமுகத்தில் எதை நினைத்துக்கொண்டு இறங்கியிருப்பான்? அதை நம்மில் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியது இந்த மன்றம்தான் என்று நினைக்கிறேன்.

அமைதிப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் ஒரே ஒருவர், மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரன். மும்பையில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25 அன்று தமிழர்களுடன் நடந்த சண்டையில் இறந்தார். அவர் படைப்பிரிவு, 8ஆவது மகர். இந்த ஒரு வரிக்குள் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன பாருங்கள்.

இனச் சகோதரத்துவம் என்று மேடைகளில் பேசிய காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 செப்டம்பரில், அங்கே திலீபன் தண்ணீர்கூட அருந்தாமல் கிடந்த அதே மாதத்தில், இங்கே வட மாவட்டங்களில் சாலை மறியலின்போது சேரிக் குடிசைகள் எரிந்தன. கடல் தாண்டி எரிந்த வீட்டுக்காகக் கண்ணீர்விட்ட பலருக்கு இது கண்ணில் படவில்லை. யாழ்ப்பாணத்திலும் சாதி இருந்தது. கே. டானியல் ‘பஞ்சமர்’ எழுதியது கற்பனையில் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் யாரை யார் அடித்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. டானியல் 1986இல் தஞ்சாவூரில் இறந்தார், அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார். போர் முற்றியபோது காணி விற்று லண்டனுக்கும் கனடாவுக்கும் போக முடிந்தவர்கள் போனார்கள். காணி இல்லாதவர்கள் ஷெல்லுக்குக் கீழே இருந்தார்கள். இன்னும் முன்னால் போனால், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம். மலையகத்தில் தேயிலை பறித்த மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அப்போதும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

படையைத் திரும்ப அழைத்தது சரியா? சரி. தாமதமாகச் செய்த சரி. ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் மறைக்க மாட்டேன். படை போனால் ரத்த ஆறு ஓடும் என்றார்கள். ஓடியது. இந்தியாவின் ஆதரவில் நடந்த வரதராஜப்பெருமாளின் மாகாண அரசு படையோடு சேர்ந்தே கரைந்தது. அந்த அரசைக் காக்க 1989இல் ‘தமிழ் தேசிய ராணுவம்’ என்று ஒன்றைக் கட்டினார்கள். எப்படி? தெருவில் போன பையன்களை, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கி கொடுத்து. படை வெளியேறியதும் புலிகள் அந்தப் பிள்ளைகளைக் கொத்தாகக் கொன்றார்கள். 1990 ஜூனில் மறுபடியும் முழுப்போர். சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் கிழக்கில் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் பத்மநாபாவும் தோழர்களும் நம் கோடம்பாக்கத்தில் சுடப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள்.

அப்படியென்றால் படை இருந்திருக்க வேண்டுமா? அந்தப் பையன்களைப் பிடித்துத் துப்பாக்கி கொடுத்தது படை அங்கே இருந்த காலத்தில்தான், அதன் கண்முன்னால்தான். படை தங்கிய ஒவ்வொரு மாதமும் பழிவாங்கப்பட வேண்டியவர்களின் பட்டியலை நீட்டியது. தங்குவது மருந்தாக இல்லை. ஆனால் திரும்புகிறவன் தன்னால் ஆபத்துக்குள்ளானவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். தலைவர்களுக்கு விமானம் கிடைத்தது. பிடிக்கப்பட்ட பையன்களுக்குக் கிடைக்கவில்லை. இதற்கும் எவரிடமும் கணக்குக் கேட்கப்படவில்லை.

இரண்டு பக்கத்துத் துப்பாக்கியையும் பெயர் சொல்லி எழுத முடியும் என்று காட்டியவர் ராஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தவர், ‘முறிந்த பனை’ எழுதியவர்களில் ஒருவர். இந்தியப் படை செய்ததையும் புலிகள் செய்ததையும் வீடு வீடாகக் கேட்டு எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்தைந்து. மாணவத் தோழர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள்.

வெளிநாட்டுக்கு ஒரு தடவை போய் வருவோம். 1967 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். உமக்கு எதற்கு வெளியுறவு, குடியுரிமைப் போராட்டத்தோடு நில்லும் என்று வெள்ளைப் பத்திரிகைகள் மட்டுமல்லாமல் கறுப்பினத் தலைவர்களும் சொன்னார்கள். சொந்த ஊரில் வெள்ளையனோடு ஒரே பள்ளியில் உட்கார முடியாத பையனை, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் வெள்ளையனோடு சேர்ந்து குடிசை எரிக்க அனுப்புகிறீர்களே என்பது அவர் கேள்வியின் சாரம். அதே மாதம் முகமது அலி படையில் சேர மறுத்தார், பட்டத்தை இழந்தார். நம்மிடம் கட்டாய ராணுவச் சேவை இல்லை, விரும்பித்தான் போகிறார்கள் என்பீர்கள். வேறு வேலை இல்லாத ஊரில் விருப்பம் என்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது?

2022 ஜூனில் அக்னிபத் வந்தது. பதினேழரை வயதிலிருந்து ஆளெடுப்பு, நான்கு வருஷம், பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை மட்டும் நிரந்தரம். மீதிப் பேருக்கு ஒரு தொகை, ஓய்வூதியம் கிடையாது. இந்த ஊரில் இதை விளக்க வேண்டிய அவசியமில்லை. ட்ரெய்னி என்றும் அப்ரண்டிஸ் என்றும் கான்ட்ராக்ட் என்றும் பெயர் மாற்றி மாற்றி உங்களை வைத்திருக்கிறார்களே, அதே முறை பட்டாளத்துக்குள் போயிருக்கிறது. எந்தப் பென்ஷனுக்காக அண்ணலின் தலைமுறை பட்டாளத்தில் இடம் கேட்டதோ, அது கழற்றப்பட்டுவிட்டது. துப்பாக்கி மட்டும் மிச்சம். நாளை இந்த அரசோ வேறொரு அரசோ இன்னொரு நாட்டுக்கு அமைதி கொண்டுபோகப் புறப்பட்டால், முதல் ஹெலிகாப்டரில் ஏறப்போகிறவன் யார் என்று யோசியுங்கள்.

சீருடையில் இருக்கிறவன் கேட்க முடியாது, கேட்டால் ராணுவ நீதிமன்றம். அவனை அனுப்பிய சேரி கேட்கலாம். அவன் அம்மா கேட்கலாம், சங்கம் கேட்கலாம், இந்த மாதிரி மன்றங்கள் கேட்கலாம். நம்முடைய தீர்மானங்களில் காவல்துறை அத்துமீறல் வருகிறது, போர் வருவதில்லை. எங்கே, எதற்கு, எவ்வளவு நாளைக்கு, யாரிடம் கேட்டு, திரும்பும்போது யாரை விட்டுவிட்டு வருவீர்கள் என்பதை அனுப்புவதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்க வேண்டும். 1987இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, உடனே படையும் போய்ச் சேர்ந்தது. விவாதமெல்லாம் பிறகுதான்.

நடைமுறையில் ஒன்று. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டச் சேரிகளில் 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போய்வந்த பட்டாளத்துக்காரர்கள் இப்போது அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். முகாம்களில் அந்தக் காலத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்த ஈழத் தமிழர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, பெயரை வெளியிட விரும்பாவிட்டால் வெளியிடாமல், கேட்டு எழுதி வையுங்கள். போனில் பதிவு செய்தாலே போதும். நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. கொழும்புக்குப் பக்கத்தில் அமைதிப்படைக்கு இலங்கை அரசே ஒன்று கட்டியிருக்கிறது, டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் பேசியது எந்தக் கல்லிலும் இல்லை. இந்த வேலைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று மாணவர்கள் மன்றச் செயலாளரிடம் இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நைட் ஷிப்டு போகிறவர்களுக்கு பஸ் நேரமாகிறது. அவர்கள் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.